ராணுவ அதிகாரி ஆக எந்த வழி? கல்லூரி அக்காவுக்கும் பிளஸ் டூ தம்பிக்கும்

கேள்வி: சார், நான் தென்காசி மாவட்டம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 19. கல்லூரியில் என்சிசி ஆர்மி விங்கில் இருக்கிறேன். ராணுவத்தில் ஆபீசர் ஆக வேண்டும் என்று ஆசை. பரேடு, கேம்ப் என்று போவதால் படிப்பு கெடுகிறது, என்சிசியை விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். தம்பி பிளஸ் டூ, வணிகக் கணிதத்தோடு காமர்ஸ் குரூப், 17 வயது. காமர்ஸ் படித்தவனுக்கு என்டிஏ (பிளஸ் டூ முடித்துச் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) கிடையாது என்று அவன் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பேசாமல் அக்னிவீரில் சேர்ந்து உள்ளே போய் ஆபீசர் ஆகிக்கொள்ளட்டும் என்கிறார் மாமா. இருவருமே பத்தாவது வரை தமிழ்வழி, ஆங்கிலம் பேச வராது. பக்கத்து ஊர் கோச்சிங் சென்டரில் எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ இரண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். இன்னொருவர் நான்கு லட்சம் கொடுத்தால் மேலிடத்தில் சொல்லி முடித்துத் தருகிறேன் என்கிறார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, மாணவர்களுக்கான வழிகாட்டி

என்சிசியை விடாதேம்மா. மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் நீ சி சர்டிபிகேட் தேர்வு எழுதி குறைந்தது பி கிரேடு வாங்கிவிட்டால், பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பி நேர்முகத்துக்கு, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் சோதனைக்கு, போக ஒரு வழி இருக்கிறது. என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி என்று பெயர். வயது 19 முதல் 25 வரை. வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வரும், ராணுவத்தின் ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்திலேயே. கடைசி வருடம் படித்துக்கொண்டிருப்பவர்களும் போடலாம். முதல் இரண்டு வருட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுத்துத் தேர்வைத் தாண்ட முடியாமல் தவிக்கும்போது, அந்தத் தேர்வே வேண்டாம் என்கிற ஒரு தகுதியை மூன்றில் இரண்டு பங்கு சம்பாதித்துவிட்டு நடுவழியில் விட்டுவிடச் சொல்கிறார்களே, அவர்களிடம் இந்த வரிகளைப் படித்துக் காட்டு. பரேடு வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள், வருடாந்திர முகாமைத் தவற விடாதே. இவை இரண்டில் ஒன்று குறைந்தாலும் சி தேர்வுக்கே உட்கார விடமாட்டார்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வழியில் பெண்களுக்கு ஒதுக்கும் இடங்கள் ஒவ்வொரு முறையும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், அதுவும் நாடு முழுவதற்கும். எஸ்எஸ்பியில் ‘ரெகமண்டட்’ ஆகியும், மெரிட் பட்டியலில் இடம் கிடைக்காமல் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் இதை மட்டும் நம்பி உட்காராமல், கூடவே சிடிஎஸ் எழுது.

சிடிஎஸ் என்பது பட்டதாரிகளுக்காக யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் தேர்வு. பொதுவாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் நடக்கும், அறிவிப்பு டிசம்பர் வாக்கிலும் மே வாக்கிலும் வரும். டேராடூன் ஐஎம்ஏ என்கிற ராணுவ அகாடமி, எழிமலை கடற்படை அகாடமி, ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமி, நம்ம சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓடிஏ என்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமி, நான்குக்கும் ஒரே தேர்வு. இந்தத் தேர்வில் பெண்களுக்கு இப்போதைக்கு ஓடிஏ மட்டும்தான். அதற்கு ஆங்கிலம் 100 மதிப்பெண், பொது அறிவு 100 மதிப்பெண், இரண்டே தாள். கணிதத் தாள் ஐஎம்ஏ, கடற்படை, விமானப்படை கேட்பவர்களுக்கு மட்டும். கணிதம் படிக்கும் உனக்கு இது வருத்தமாகக்கூட இருக்கலாம், ஆனால் தேர்வு அப்படித்தான். பெண்களுக்கு இங்கேயும் ஒரு முறைக்கு இருபதுக்குள்தான் இடம். எந்தப் பட்டமும் சரி, கடைசி வருட மாணவர்களும் எழுதலாம், வயது 25க்குள். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் கிடையாது.

மூன்றாவதாக ஏஎஃப்கேட். இது விமானப்படை தனியாக நடத்தும் கணினித் தேர்வு, 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணி நேரம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்து, டிகிரியில் 60 சதவீதம் வைத்திருந்தால் பறக்கும் பிரிவுக்கே போடலாம், வயது 20 முதல் 24. தரைப்பணிகளுக்கு 26 வரை. ஆனால் பைலட் ஆசை இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: சிபிஎஸ்எஸ் என்று ஒரு கருவித் தேர்வு உண்டு, ஜாய்ஸ்டிக், பெடல், திரை என்று கை, கால், கண் எல்லாம் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு, அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வர முடியாது. அதனால் காய்ச்சலோடும், தூக்கமில்லாத ரயில் பயணத்துக்கு மறுநாளும் அதில் போய் உட்காராதே.

இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். பாடம் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், வயதுதான் யாருக்கும் நிற்பதில்லை. டிஎன்பிஎஸ்சி, பேங்க் தேர்வு என்று பார்த்துப் பழகிய நம் வீடுகளில், ‘நம்ம கேட்டகிரிக்கு மூன்று வருஷம் தளர்வு இருக்கும்ல’ என்று நினைத்து அசந்துவிடுகிறார்கள். முப்படை அதிகாரி தேர்வில் சாதி அடிப்படையில் இட ஒதுக்கீடும் இல்லை, வயதுத் தளர்வும் இல்லை. ஒரு நாள் கூடினாலும் கூடினதுதான். டிகிரி முடித்து எம்.எஸ்சி. முடித்து பி.எட். முடித்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்து நிற்கும் 26 வயதுப் பிள்ளைகளிடம் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்வதுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடிக்காத பகுதி. உனக்கு 19. மூன்றாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் சிடிஎஸ், ஏஎஃப்கேட், என்சிசி வழி எல்லாம் சேர்த்துத் தாராளமாக வாய்ப்பு இருக்கிறது. ஒரு நோட்டில் வருடவாரியாக எழுதி ஒட்டிவை, எந்தத் தேர்வுக்கு எந்தப் பிறந்த தேதி வரை என்று.

இனி தம்பி. காமர்ஸ்காரனுக்கு என்டிஏ கிடையாது என்று சொன்னது பாதி உண்மை. என்டிஏவில் தரைப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் சரி. கடற்படை, விமானப்படைக்குத்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வரை எழுதலாம், பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே. ஆக விண்ணப்பம் போட அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை இருப்பதும் பாஸ் பண்ணுவதும் வேறு வேறு. எல்லோருக்கும் அதே கணிதத் தாள்தான்: 120 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. பதினொன்று, பன்னிரண்டு கணிதம் முழுக்க வரும், திரிகோணமிதி, வெக்டர், முப்பரிமாண வடிவியல் எல்லாம். வணிகக் கணிதம் படித்திருப்பது அணிகள், வகைக்கெழு மாதிரி சில பகுதிகளுக்குக் கை கொடுக்கும், மீதிக்கு அவன் புதிதாகப் படிக்க வேண்டும். இன்னொரு தாள் பொதுத் திறன், 600 மதிப்பெண், அதில் 200 ஆங்கிலம், மீதியில் இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல், நடப்பு. அறிவியல் அவனுக்குப் பத்தாம் வகுப்போடு நின்றிருக்கும்.

அவனுக்குக் கணிதம் உண்மையிலேயே பிடிக்குமானால், வீட்டிலேயே நீ ஒரு கணித மாணவி இருக்கிறாய், ஒரு வருடம் உட்கார்ந்து சொல்லிக்கொடு, இரண்டு மூன்று முறை எழுதிப் பார்க்கட்டும். நூறு ரூபாய்தான் கட்டணம். கிடைத்தால் புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகப் பட்டத்தோடு, அதற்கப்புறம் டேராடூனில் ஒரு வருடம். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசு செலவு, கைச்செலவுக்குத்தான் வீட்டிலிருந்து கொஞ்சம் போகும். ஆனால் கணிதம் என்றாலே முகம் சுளிப்பவன் என்றால் அதற்காகப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பி.காம். சேரட்டும், முதல் வருடம் முதல் நாளே என்சிசியில் பெயர் கொடுக்கட்டும், மூன்றாம் வருடம் ஓடிஏவுக்கு சிடிஎஸ் எழுதட்டும், கணிதத் தாள் இல்லாமல். ஆண்களுக்கு அங்கே இடமும் அதிகம். மேஜர் முகுந்த் வரதராஜன் வணிகவியல் பட்டதாரிதான். சிடிஎஸ் எழுதி, பரங்கிமலையில் பயிற்சி முடித்து, 2006இல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட் ஆனவர். காமர்ஸ் படித்ததால் கதவு மூடிவிட்டது என்று அவன் பள்ளியில் இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

(இதைப் படிக்கும் சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு: ஜேஇஇ மெயின் எழுதியிருந்து இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் இருந்தால் ராணுவத்தின் டெக்னிக்கல் என்ட்ரி இருக்கிறது, அது இப்போது பையன்களுக்கு மட்டும். கடற்படையின் பி.டெக். கேடட் என்ட்ரியும் ஜேஇஇ ரேங்க் வைத்துத்தான், அதற்கு 70 சதவீதம். இரண்டுக்கும் தனி எழுத்துத் தேர்வு இல்லை. இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு 27 வயது வரை டெக்னிக்கல் என்ட்ரிகள் தனியாக வரும், சட்டம் படித்தவர்களுக்கு ஜேஏஜி என்கிற ராணுவச் சட்டப் பிரிவு, மருத்துவத்துக்கு நீட் வழியாக புனே ஏஎஃப்எம்சி என்கிற ராணுவ மருத்துவக் கல்லூரி. 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பெண்பிள்ளைகளும் என்டிஏ எழுதுகிறார்கள், முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டது. மகளே, நீ இனி எழுதினால் பயிற்சி தொடங்குவதற்குள் அதற்கான வயது தாண்டிவிடும், உங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லு.)

மாமா சொல்லும் அக்னிவீர் வேறு கதை. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்கிறவர் சிப்பாய்தான், நான்கு வருடம், அதன்பிறகு நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் தொடர வைப்பார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் உள்ளிருந்தே அதிகாரி ஆவதற்கு ஏசிசி (ஆர்மி கேடட் காலேஜ்) போன்ற வழிகள் ராணுவத்தில் நெடுங்காலமாக உண்டு, அப்படி வந்த அருமையான அதிகாரிகளோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அது சுற்றுவழி. டிகிரி படித்து முடிக்க வீட்டில் வசதி இருக்கும்போது, ஆபீசர் ஆவதற்கென்றே அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. சிப்பாய் வேலையே பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போகட்டும், அது கௌரவமான வேலை, அப்போது அதை அதற்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, எஸ்எஸ்பிக்கு வருவோம். எந்த வழியில் வந்தாலும் இந்த ஐந்து நாளைத் தாண்டித்தான் போக வேண்டும், நம் பிள்ளைகள் அதிகம் திரும்பி வருவதும் இங்கேதான். தரைப்படைக்கு பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் என்று மையங்கள். கடற்படைக்கு கோயம்புத்தூரிலேயே ஒன்று இருக்கிறது, விமானப்படைக்கு மைசூரு கிட்டத்தில். முதல் முறை போகிறவர்களுக்கு ரயிலில் மூன்றாம் ஏசி கட்டணம் போகவர திருப்பிக் கொடுப்பார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வை. தங்கவும் சாப்பிடவும் செலவில்லை.

போனதும் உன் பெயர் போய்விடும், நெஞ்சில் ஒரு எண் கட்டிவிடுவார்கள், ஐந்து நாளும் நீ அந்த எண்தான். முதல் சோதனை நாளிலேயே வடிகட்டல். நுண்ணறிவுக் கேள்வித்தாள்கள், அப்புறம் பிபிடிடி என்று ஒரு படத்தேர்வு. மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் திரையில் காட்டுவார்கள், அதில் என்ன நடக்கிறது என்று நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் கதையை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், அதன்பின் எல்லோரும் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று மதியமே பெரும்பகுதியினரைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு நடப்பது என்ன தெரியுமா? கதை நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்தபடி, ராம் என்று ஒரு இளைஞன், கிராமத்தில் தண்ணீர்ப் பஞ்சம், அவன் எல்லோரையும் கூட்டி, தொண்டு நிறுவனம் தொடங்கி, கலெக்டரைப் பார்த்து, கடைசியில் கிராமமே செழிக்கிறது. படத்தில் இருந்ததோ ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஓர் இடம், ஒருத்தி நிற்கிறாள், ஒருவர் படுத்திருக்கிறார். தண்ணீர்ப் பஞ்சம் எங்கிருந்து வந்தது? மனப்பாடக் கதையைப் படத்தின் மேல் ஒட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு மயக்கம், அவரை இறக்கி ஆஸ்பத்திரி கொண்டுபோய், அவர் போனிலிருந்து வீட்டுக்குச் சொல்லி, வீட்டார் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் தேர்வுக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி எழுது, போதும். அது உன்னால் செய்ய முடிந்த காரியம், அதனால் நம்பும்படி இருக்கும்.

அடுத்த கட்டம் உளவியல் தேர்வு. பன்னிரண்டு படம், அதில் கடைசி வெற்றுத் திரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அப்புறம் அறுபது வார்த்தைகள், ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி, பார்த்ததும் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு அறுபது சூழ்நிலைகள், முப்பது நிமிடம். ‘நாளை தேர்வு, இன்றிரவு பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சு வலி, அவர் மகன் ஊரில் இல்லை’ என்பது மாதிரி இருக்கும். யோசிக்க நேரமே தராததுதான் உத்தி. உண்மையில் நீ எப்படிப்பட்டவளோ அது தானாக வெளியே வரும். கடைசியாக, அப்பா அம்மா, ஆசிரியர், நண்பர்கள் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீயே என்ன நினைக்கிறாய் என்று எழுதச் சொல்வார்கள். இதற்கு இன்றைக்கே அம்மாவிடம் உட்கார்ந்து கேள், ‘என்கிட்ட உனக்குப் பிடிக்காதது என்னம்மா’ என்று. திட்டு விழும், ஆனால் எழுத விஷயம் கிடைக்கும்.

மைதானத்தில் இருப்பவர் ஜிடிஓ, குழுச் சோதனைகளை நடத்தும் அதிகாரி. பலகை, கயிறு, கட்டை கொடுத்து ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு மொத்தக் குழுவும் போக வேண்டும், தரையைத் தொடக்கூடாது, சிவப்பு அடித்த இடத்தையும் தொடக்கூடாது. அங்கே சத்தமாகக் கத்துகிறவன்தான் தலைவன் என்று நினைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பலகை ஒரு அடி குறைகிறது என்று முதலில் கவனித்து, கயிற்றை எங்கே கட்டலாம் என்று சொல்லி, கனமான பையனுக்குக் கை கொடுத்து இழுத்து விடுகிறவளைத்தான் அவர் குறித்துக்கொள்வார். நீ என்சிசி கேம்ப்பில் கூடாரம் அடித்தது, நூறு பேருக்குச் சாப்பாடு வரிசை ஒழுங்கு பண்ணினது எல்லாம் இங்கே உதவும். ஒன்றரை லட்சத்துக்குச் சொல்லித் தர முடியாத பழக்கம் அது.

நேர்முகத்தில் ஆங்கிலம். உன் பயம் இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எழுத்துத் தேர்வுத் தாள்கள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான் வரும், தமிழில் இல்லை, ஏஎஃப்கேட் ஆங்கிலத்தில் மட்டும். எஸ்எஸ்பியிலும் பேச்சு ஆங்கிலத்தில்தான், ஹிந்தி தெரிந்தவர்கள் நடுநடுவே ஹிந்தியில் சமாளிப்பார்கள், நமக்கு அந்த வசதியும் இல்லை. ஆனால் அங்கே யாரும் உன் உச்சரிப்புக்கு மார்க் போடுவதில்லை. இலக்கணப் பிழையோடு நிற்காமல் பேசுகிற பிள்ளை தேறுகிறது, சரியான வாக்கியத்தைத் தலைக்குள் கட்டிக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துபோகிற பிள்ளை திரும்புகிறது. தமிழ்வழிப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. இதற்கு மருந்து கிராமர் புத்தகம் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், தினமும் இரவு அரை மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை வாய்விட்டுப் படித்து, பேப்பரை மூடிவைத்து, அதையே மூன்று நிமிடம் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். எஸ்எஸ்பியில் லெக்சரெட் என்று மூன்று நிமிடப் பேச்சு ஒன்று உண்டு, அதற்கும் இதுவே பயிற்சி. ஒன்றரை வருடம் கையில் இருக்கிறது, தாராளம்.

நேர்முக அதிகாரி கேட்பது பெரும்பாலும் உன் வாழ்க்கையைத்தான். எட்டாம் வகுப்பில் என்ன மார்க், பிளஸ் டூவில் ஏன் குறைந்தது, அப்பா என்ன செய்கிறார், கடைசியாக வீட்டில் நீ எடுத்த முடிவு என்ன, உங்கள் ஊரில் என்ன பிரச்சினை. ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்டு, வரிசையாகப் பதில் சொல்கிறாயா என்று பார்ப்பார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார் என்பதை டிரான்ஸ்போர்ட் பிசினஸ் என்று மாற்றிச் சொல்லாதே, நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த கேள்வி எத்தனை வண்டி என்று வரும். ஒரு மாதத்துக்கு டீசல் எவ்வளவு, இன்சூரன்ஸ் எப்போது கட்ட வேண்டும், லோடு இல்லாத நாளில் வீடு எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பதிலில் இருக்கும் பொறுப்பு பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலரிடம் இருக்காது.

இப்போது பணம். அந்த நான்கு லட்சக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எஸ்எஸ்பியில் உளவியலாளர், ஜிடிஓ, நேர்முக அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள், ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸில்தான் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இதில் யாரிடம் சொல்லி முடிப்பார் அவர்? இந்த ஆட்கள் பத்துப் பேரிடம் வாங்குவார்கள், சொந்தத் திறமையில் ஒருவன் தேறினால் அது தன்னால்தான் என்பார்கள், மற்ற ஒன்பது பேரின் பணம் போனது போனதுதான். தவிர, பணம் கொடுக்க முயன்றதே தெரியவந்தால் விண்ணப்பமே ரத்து.

ஒன்றரை லட்சம் கோச்சிங்கும் இப்போது வேண்டாம் என்பேன். எழுத்துத் தேர்வுக்கு யுபிஎஸ்சி இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து வருடத் தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டை என்றால் அதற்கு மட்டும் பக்கத்தில் யாரிடமாவது டியூஷன் போங்கள். எஸ்எஸ்பி அழைப்பு வந்த பிறகு, மைதானத் தடைகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சில நாள் பயிற்சிக்குப் போவதில் தப்பில்லை, அதற்கும் முதலில் உங்கள் என்சிசி பட்டாலியனில் கேள். ஸ்பெஷல் என்ட்ரிக்குப் போகும் கேடட்களைத் தயார் செய்வதில் அங்கே இருக்கும் அதிகாரிகளுக்கு அக்கறை உண்டு.

உடம்பைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, எல்லாம் தேறிய பிறகு மெடிக்கலில் வந்து உட்கார்ந்து அழுவார்கள். இந்த மாதமே இருவரும் அரசு ஆஸ்பத்திரியில் கண் பார்வை, நிறக்குருடு, காது, பல், தட்டைப்பாதம், முட்டி இடித்தல் இதையெல்லாம் காட்டிவிடுங்கள். தரைப்படைக்குப் பெண்கள் 152 செ.மீ., ஆண்கள் 157 செ.மீ. உயரம், விமானம் ஓட்ட இருபாலருக்கும் 162.5. எடை உயரத்துக்கு ஏற்றபடி. தம்பியிடம் சொல், கையில் பச்சை குத்திக்கொள்ளும் யோசனை இருந்தால் தள்ளிவைக்கட்டும், முன்கையின் உட்புறம் மாதிரி சில இடங்களைத் தவிர மற்ற இடத்தில் இருந்தால் சிக்கல். ஓட்டத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அம்மா அப்பாவுக்கு இரண்டு விஷயம். சம்பளம்: பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி, அந்த நாட்களிலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோவும் உண்டு. லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளம் அதே 56,100, கூடவே ராணுவச் சேவை ஊதியம் 15,500, மற்ற படிகள் தனி. ஆனால் ஓடிஏ வழியில் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ். பத்து வருடம், விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னும் நான்கு. பதினான்கு வருடத்தில் வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது, பணிக்கொடை உண்டு. நிரந்தரப் பணி கேட்கலாம், 2020 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண் அதிகாரிகளுக்கும் பெரும்பாலான பிரிவுகளில் அந்த வாய்ப்பு இருக்கிறது, எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதில் வெளியே வந்து இரண்டாவது வேலை தேட வேண்டியிருக்கலாம் என்பதைத் தெரிந்தே உள்ளே போக வேண்டும்.

கல்யாணம்: பயிற்சி முடியும்வரை பண்ணக்கூடாது, இது விதி, ஆண் பெண் இருவருக்கும். டிகிரி முடித்த கையோடு மாப்பிள்ளை பார்க்கும் எண்ணம் வீட்டில் இருந்தால், இப்போதே பேசி இரண்டு மூன்று வருடம் வாங்கி வை. எஸ்எஸ்பி அழைப்புக் கடிதம் வந்த பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

துணைக்கு ஒன்று வைத்துக்கொள். யுபிஎஸ்சியின் சிஏபிஎஃப் அசிஸ்டன்ட் கமாண்டன்ட் தேர்வு, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படைகளுக்கானது, உள்துறையின் கீழ் வருகிறது. 20 முதல் 25 வயது, அங்கே இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. பெண்களும் எழுதலாம். கட்டுரைத் தாள் ஒன்று கூடுதலாக இருக்கும், மற்றபடி சிடிஎஸ்ஸுக்குப் படிக்கும் பொது அறிவு அதற்கும் பாதி உதவும்.

கடைசியாக ஒரு பேப்பர் வேலை. நம் ஊரில் இனிஷியலோடு பெயர் எழுதுகிற பழக்கத்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்து இன்னொரு மாதிரி, கல்லூரியில் மூன்றாவது மாதிரி இருக்கும். யுபிஎஸ்சி பிறந்த தேதியையும் பெயரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதைத்தான் பார்க்கும். ஆவணங்கள் ஒத்துப்போகாமல் எஸ்எஸ்பி வாசலில் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இருவருடையதையும் இந்த வாரமே எடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அப்பா அம்மா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட. மாற்ற வேண்டியது இருந்தால் ஆதாரை மாற்றுவது சுலபம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கை வைக்க வேண்டியிருந்தால் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். தம்பி இன்னும் பள்ளியில் இருக்கும்போதே அவனுடையதை முடித்துவிடு.